புகலிடத்தில் ஒரு பள்ளி



போர் மனிதனிடமிருந்து பறித்துக்கொள்ளும் பொருள்கள் பல. வீடு, நிலம், தோணி, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நகை ஆகிய யாவும் ஓர் இரவில் போய்விடக்கூடும். ஆனால், கற்ற தொழிலை எந்தப் படையும் ஒருவனிடமிருந்து பறிமுதல் செய்ய இயலாது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அஃது உண்மையே. எனினும், அது முழு உண்மையா? தொழில் ஒன்றைக் கற்றுவிட்டால் மட்டும் ஊரிழந்த ஓர் இளைஞன் நிமிர்ந்து நின்றுவிட முடியுமா? இவ்வினாவுக்கு விடை காண உதவும் வரலாறு வேறெங்கோ இல்லை. நம் வடசென்னையிலேயே இருக்கிறது. அதனை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் திருவொற்றியூரில் வாழ்பவன். கணக்கு ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதி போரை அறியாத பகுதியன்று. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, எண்ணெய்க் கிடங்குகளை எரித்தது. ஆயினும், துறைமுகத்தை அடுத்து வாழ்வோர் போரை அறிந்துகொள்வது பெரும்பாலும் குண்டுகளால் அன்று. வந்து இறங்கும் மக்களால்தான்.

முதலில் பர்மாவைக் காண்போம். சென்னைக்கும் இரங்கூனுக்கும் இடையே கப்பல்கள் இடையறாது ஓடிய காலம் ஒன்று இருந்தது. வணிகர்களும், நெல் ஆலைத் தொழிலாளர்களும், துறைமுகக் கூலிகளுமாக எண்ணற்ற தமிழர் அங்கே வாழ்ந்தனர். 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8-ஆம் நாள் அந்நகர் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தோர் சிலரே. ஏனையோர் நடந்தனர். ஒரு சாரார் அரக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங் நோக்கிச் சென்றனர். மற்றொரு சாரார் தாமு வழியாக இம்பாலை அடைந்து, அங்கிருந்து திமாப்பூர் இரயில் நிலையத்தைச் சேர்ந்தனர். இந்தியாவை நோக்கிப் புறப்பட்டோர் 4 அல்லது 5 இலட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியாகி வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். போர் முடிந்ததும், தப்பிப் பிழைத்தவருள் பலர் மீண்டும் பர்மாவுக்கே கப்பலேறினர்.

ஆனால், அந்த வாழ்வும் நிலைக்கவில்லை. 1962 மார்ச்சு மாதம் நே வின் தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. இது போரன்று, எனினும், போர் செய்யும் வேலையை ஓர் அரசாணையே செய்து முடித்தது. கப்பல் கப்பலாக மக்கள் சென்னைக்கு வந்து இறங்கினர். தமிழ்நாட்டுக்கு வந்தவர் மட்டும் 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒரு பகுதியினர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினர். எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. 1969-இல் கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே அவர்கள் அமைத்த கடைத்தெருவே பர்மா பஜார். அத்தோ என்னும் பர்மிய உணவு வடசென்னையின் மாலைச் சிற்றுண்டிகளுள் ஒன்றாகிவிட்டது.

இவர்கள் இவ்வளவு விரைவில் வேர் பிடித்ததன் காரணம் யாது? வணிகம் அறிந்தவர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள் என்பது ஒன்று. மற்றொன்றையும் மறத்தலாகாது. அவர்கள் தாயகம் திரும்பிய இந்தியர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள். கடனுதவிக்கும் மனைக்கும் உரியவர்கள். அவர்களுக்காகவும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காகவும் 1969-இல் இந்திய அரசு ரெப்கோ வங்கி என்ற கூட்டுறவு வங்கியையே ஏற்படுத்திற்று. அவர்கள் கையில் தொழிலும் இருந்தது, தாளும் இருந்தது. இதனை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி இலங்கையைப் பார்ப்போம். 1983 ஜூலை மாதத்தில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்செயல்களும், அவற்றைத் தொடர்ந்து மூண்ட போரும் மக்களைக் கடலுக்குத் துரத்தின. 1987 வரை ஏறத்தாழ 1,34,000 பேர் தமிழ்நாட்டுக்கு வந்தனர். 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது ஏறத்தாழ 1,22,000 பேர் வந்தனர். 2009 மே மாதம் போர் முடிவதற்குள் வந்தோர் தொகை 3 இலட்சத்தைத் தாண்டிற்று. மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, அங்கிருந்து மாநிலம் எங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். வடசென்னையை அடுத்துள்ளவை புழல் முகாமும் கும்மிடிப்பூண்டி முகாமும் ஆகும். இராயபுரத்தில் இரயில் ஏறித் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி ஆகிய நிலையங்களைக் கடந்தால், வருவது கும்மிடிப்பூண்டி.

வந்தவர்கள் கல்வியைப் பெரிதும் மதித்த மக்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டதை ஓர் உயிரிழப்பைப் போல் நினைவுகூர்பவர்கள். 1984-இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் சென்னையில் தோன்றியது. அதனைத் தொடங்கியவர் சா. செ. சந்திரகாசன்; ஈழத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மைந்தர். இக்கழகத்தின் சிறப்பு யாதெனில், உதவி பெறுவோரே உதவி செய்வோராகவும் இருந்ததுதான். ஏதிலியரான ஆசிரியர்களும் மாணவர்களுமே தொண்டர்கள். அவர்கள் மாலை வகுப்பு நடத்தினர். மழலையர் பள்ளி நடத்தினர். கணிப்பொறியும் தையலும் கற்பித்தனர். மனம் உடைந்தோரிடம் பேசும் முறையைப் பயின்றனர். முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று பெற்றுத் தருவதையும் ஒரு பெரும் பணியாக மேற்கொண்டனர்.

1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பின்னர் ஏதிலியர் அனைவர் மீதும் ஐயத்தின் நிழல் படிந்தது. உயர்கல்வியில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. வெளியிலிருந்து தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் செல்வதற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. அந்த இருண்ட ஆண்டுகளில் முகாமுக்குள்ளேயே வாழ்ந்த ஆசிரியர்கள் எத்துணை இன்றியமையாதவர்கள் என்பதை நீங்களே உய்த்துணரலாம். வெளியார் வாராதபோதும் பாடம் நடக்க வேண்டுமாயின், பாடம் சொல்பவர் உள்ளே இருத்தல் வேண்டும்.

உலகின் வேறு பகுதிகளிலும் இதுவே அனுபவம். பாலஸ்தீன ஏதிலியருக்காக ஐக்கிய நாடுகள் அமைத்த நிறுவனம் 1950-இல் பணியைத் தொடங்கியது. 1953-இல் கலந்தியா என்னுமிடத்தில் இளைஞருக்குத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றை அது திறந்தது. அந்நிறுவனத்தின் ஆசிரியர்களுள் மிகப் பெரும்பாலோர் ஏதிலியரே.

இப்போது என் சிற்றனுபவத்தைக் கூறுகிறேன். ஓய்வு பெற்ற பின்னர், நண்பர் இருவருடன் ஞாயிறுதோறும் இரயிலேறிச் சென்று, முகாமுக்கு வெளியே ஒரு சிறு கட்டடத்தில் இளைஞர்க்கு வகுப்பு எடுத்து வந்தேன். முதியவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி என்னை 'மாஸ்டர்' என்றே அழைப்பார்கள்; இங்கே பிறந்த இளைஞர்கள் 'சார்' என்பார்கள். அந்த ஒரு சொல்லிலேயே இரு தலைமுறைகளின் வேறுபாட்டைக் கேட்கலாம். முகாமில் ஆள் சரிபார்க்கும் நாள்களில் வகுப்பு இராது. அந்நாளில் பெயர் விட்டுப்போனால் உதவித்தொகைக்கு இடையூறு நேரும்.

வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தினை உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்துரைத்தது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பிறரிடம் எடுத்துரைத்தல், தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், மன உளைச்சலைத் தாங்குதல் முதலியவை அவை. இப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதால் பயனில்லை என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே, இளைஞரின் அன்றாடத் தேவையிலிருந்தே தொடங்கினோம். முகாம் இளைஞருள் மிகப் பலர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலை செய்பவர்கள். சாரம் கட்டவும், பட்டி பார்க்கவும் அவர்களுக்கு நாங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், நாட்கூலிக்குப் போவோரே மிகுதி. வேலையைத் தாமே ஒப்புக்கொண்டு செய்வோர் குறைவு. எனவே, சுவரை அளக்கக் கற்பித்தோம். 12 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள சுவர் 120 சதுர அடி. அதில் 7 அடிக்கு 3 அடி கதவும், 4 அடிக்கு 3 அடி சன்னலும் கழிந்தால் எஞ்சுவது 87 சதுர அடி. அதற்கு வண்ணம் எவ்வளவு, கூலி எவ்வளவு, மேஸ்திரியிடம் எத்தொகையைச் சொல்வது, அவர் குறைத்தால் எவ்வாறு மறுமொழி கூறுவது என்று இருவர் இருவராக நடித்துக் காட்டச் செய்தோம். கணக்கு, பேச்சு, துணிவு ஆகிய மூன்றும் ஒரே பாடத்தில் அடங்கிவிட்டன. சில மாதங்களில் நால்வர் ஒன்று சேர்ந்து ஒரு வீட்டின் வேலையைத் தாங்களே ஒப்புக்கொண்டனர்.

அடுத்த பாடம் விண்ணப்பப் படிவம் நிரப்புதல். பெயர், பிறந்த நாள், தந்தை பெயர் என்று சரளமாக எழுதிச் சென்ற ஒரு மாணவன், ஓரிடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“சார், நிரந்தர முகவரி என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் ஊரை எழுதுவதா, முகாமை எழுதுவதா?” என்றான்.

தந்தையின் ஊர் மன்னார். அதனை அவன் கண்டதில்லை. அவன் பிறந்ததும் வளர்ந்ததும் முகாமில். அடுத்த வரியில் குடியுரிமை என்று அச்சிட்டிருந்தது. அவ்வரியை அவன் என்னிடம் கேட்கவேயில்லை. வகுப்பில் இருந்தோர் அனைவரும் தத்தம் படிவத்தின் அதே வரியில் நின்றிருந்தனர்.

நண்பர்களே, முதலில் நான் எழுப்பிய வினா இங்கேதான் தன் முழு உருவத்தைக் காட்டுகிறது. 1951-ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோரின் குடியுரிமையும் கணக்கில் எடுக்கப்படும். 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தாருக்கு வழி திறந்தது. அதில் இலங்கை இடம்பெறவில்லை. முகாம்களில் வாழ்வோருள் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். அவர்தம் பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்தே தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பொறியியல் பட்டம் பெற்ற இளைஞன் வண்ணத் தூரிகை ஏந்தி நிற்பதற்குக் காரணம் திறன் இன்மை அன்று.

அவ்வாறாயின், கற்பித்தது வீணா? அன்று. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி, தாம் பிறப்பினாலேயே இந்தியர் என்று வழக்குத் தொடுத்தார். 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். தம் பிறப்புச் சான்றின் மதிப்பை அறிந்திருந்ததும், ஒரு வரியின் முன் தயங்கி நின்றுவிடாததும் அன்றோ அவரை அங்கே கொண்டு சேர்த்தன? சான்றுகளைப் பேணிக் காத்தல், சட்டத்தைப் படித்தல், அஞ்சாது கேட்டல் ஆகியவையும் வாழ்க்கைத் திறன்களே. எங்கள் வகுப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் நாங்கள் இவற்றையே மிகுதியாகப் பயின்றோம். அந்த மாணவன் முகாம் முகவரியை எழுதினான். குடியுரிமை என்ற வரியில் தன் நிலையை உள்ளது உள்ளபடி எழுதினான். தன் பிறப்புச் சான்றின் படியையும் இணைத்தான்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு இம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயரிட்டது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும், உதவித்தொகையை உயர்த்தவும், தொழிற்பயிற்சி அளிக்கவும் திட்டம் அறிவித்தது. இவை வரவேற்கத் தக்கவை. ஆயினும், பர்மாவிலிருந்து வந்தோர் சில ஆண்டுகளிலே கடை விரித்தனர். இலங்கையிலிருந்து வந்தோரின் பேரப்பிள்ளைகள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் முகாமில் பிறக்கின்றனர். இருவரும் தமிழர், இருவரும் உழைப்பாளிகள். ஒருவரிடம் இருந்த தாள் மற்றவரிடம் இல்லை.

உங்களுள் எவரேனும் இத்தகைய தொண்டில் ஈடுபட விரும்பினால், மூன்று செய்திகளைக் கூறுவேன். முதலாவது, உங்களுக்குத் தெரிந்ததை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது எதுவெனக் கேட்டறிந்து போங்கள். இரண்டாவது, ஒரு நாள் விழாவாகப் போகாதீர்கள். பல பிரிவுகளைக் கண்ட பிள்ளைகளுக்கு, வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்து நிற்கும் மனிதனே முதற்பாடம். மூன்றாவது, நீங்கள் திரும்பி வந்த பிறகும் அவர்கள் கதையை உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டில், நாளை நீங்கள் வாக்களிக்கும் அவையைப் பற்றிய உரையாடலில் எடுத்துச் சொல்லுங்கள். தொழிலைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் போதும். அந்த வெற்று வரியை நிரப்புவதற்கோ ஒரு நாட்டின் மனமே வேண்டும்.