குமிழைத் திருகியது யார்?

1985 மே 5. இத்தாலியின் இமோலா மைதானம். ஃபார்முலா ஒன் கார் பந்தயம். மொத்தம் 60 சுற்று. ஆரம்பத்திலிருந்து முன்னால் பறந்துகொண்டிருந்த அயர்டன் சென்னாவின் லோட்டஸ், முடிய நாலு சுற்று இருக்கும்போது மூச்சு வாங்கி நின்றது. பெட்ரோல் காலி!

அடுத்து முந்தியவர் ஸ்டெஃபான் யொஹான்சன். ஓட்டியது ஃபெராரி. சொந்த ஊர் கார் அல்லவா, கூட்டம் கூரையைப் பிய்த்தது. கொஞ்ச நேரம்தான். அவர் வண்டியிலும் பெட்ரோல் காலி. கடைசியில் அலென் புரோஸ்ட் கோட்டைத் தாண்டினார். காரை எடை போட்டால் 2 கிலோ குறைவு. தகுதி நீக்கம்! கோப்பை எலியோ டி ஆஞ்சலிஸ் கைக்குப் போனது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பூஸ்ட் செய்த வேலை. பாலில் கலக்கிக் குடிக்கிற சமாசாரம் இல்லை, இது வேறு.

எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டில் மாட்டிய இன்னொரு சக்கரம், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். இதுதான் டர்போ. 1905-லேயே சுவிஸ்காரர் ஆல்ஃபிரட் ப்யூக்கி இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். திணிக்கிற காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். அளவு மீறினால் பிஸ்டன் உருகிப்போகும். அதனால் ‘வேஸ்ட்கேட்’ என்று ஒரு கதவு. அழுத்தம் ஏறியதும் திறந்து, புகையை வேறு வழியில் அனுப்பிவிடும்.

அந்தக் கதவை ஏமாற்றுவதுதான் பூஸ்ட் கன்ட்ரோலர். கதவுக்குப் போகிற அழுத்தத்தில் கொஞ்சத்தைக் கசியவிட்டால், ‘இன்னும் ஏறவில்லை போல’ என்று அது மூடியே கிடக்கும். கார் பறக்கும். பெட்ரோலும்தான்.

பந்தயக் காரில் இதற்கான குமிழ் ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திருகினால் வேகம். ஆனால் 1984 முதல் ஒரு பந்தயத்துக்கு 220 லிட்டர்தான். நடுவில் நிரப்பவும் கூடாது. பட்ஜெட் போட்டுச் செலவழிக்க வேண்டிய பெட்ரோல். முன்னால் ஒருத்தன் போகும்போது எவன் கணக்குப் பார்ப்பான்? கை குமிழுக்குத்தான் போகும்.

ஸ்வீடனில் சாப் கம்பெனி வேறு மாதிரி யோசித்தது. அங்கே பெர் கில்பிராண்ட் என்றொரு எஞ்சினியர். 1980-களின் தொடக்கத்தில் வந்த ‘ஏபிசி’ ஏற்பாட்டில், எஞ்சினுக்கே ஒரு காது வைத்தார்கள். உள்ளே ‘டக் டக்’ என்று நாக்கிங் கேட்டால், மின்சார வால்வு தானே பூஸ்டைக் குறைத்துவிடும். மட்டமான பெட்ரோல் போட்டாலும் எஞ்சின் தப்பித்தது. ஓட்டுகிறவருக்கு அந்தக் கவலையே கிடையாது.

பந்தயத்திலும் பிடி இறுகியது. 1988-ல் பூஸ்ட் 2.5 பாருக்கு மேல் கூடாது, பெட்ரோல் 150 லிட்டர்தான் என்றார்கள். டர்போ செத்தது என்று நினைத்தவர்கள் உண்டு. ஹோண்டாவோ எலக்ட்ரானிக்ஸை வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்தது. அதன் எஞ்சினை மாட்டிய மெக்லாரன், 16 பந்தயங்களில் 15-ஐ ஜெயித்தது. சாம்பியன் யார்? இமோலாவில் பெட்ரோல் இல்லாமல் நின்ற அதே சென்னா! அடுத்த வருடம் டர்போவுக்கே தடை போட்டுவிட்டார்கள்.

இன்று டர்போ கார் வைத்துக்கொண்டு ‘கொஞ்சம் ஏற்றலாமே’ என்று கை துறுதுறுப்பவர்களுக்கு முன்னாலும் அதே இரண்டு வழிதான். கையால் திருகும் கன்ட்ரோலர் விலை குறைவு. ஸ்பிரிங், சின்ன வால்வு, அவ்வளவுதான். ரிப்பேர் ஆக அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குக் காது கிடையாது. வெயிலோ குளிரோ, மூன்றாவது கியரோ ஐந்தாவதோ, வைத்தது வைத்தபடி. எலக்ட்ரானிக் விலை அதிகம், பொருத்தி ‘ட்யூன்’ செய்யத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆனால் வேகத்துக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்கும். அளவு மீறினால் அடக்கிவிடும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இரண்டுமே காற்றைத்தான் கூட்டும். அந்தக் கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலும் தீப்பொறி நேரமும் சரியாக இல்லாவிட்டால், எந்தக் குமிழைத் திருகினாலும் பில் எஞ்சின் பெயரில்தான் வரும்.