ஜூன் பன்னிரண்டு

1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை பூர்த்தியான பின்னர், ஜூன் 12-ல் மதகு திறந்து ஜனவரி 28-ல் மூடுவதென்று நாளடைவில் நிலைபெற்ற கிரமமே, தஞ்சை ஜில்லாவின் உழவு, நாற்றங்கால், நடவு, அறுப்பு ஆகிய சகல காரியங்களுக்கும் நாள் குறித்துக் கொடுக்கும் பஞ்சாங்கமாயிற்று.

அதற்கு முன்னரோ, குடகு மலையின் மழையை எதிர்நோக்கியிருந்த கிராமங்கள், புதுத் தண்ணீர் வருவதற்குள் வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்தை முடித்தாக வேண்டியிருந்தது. அந்தச் சம்பிரதாயம் தளர்வதைக் கண்டு, 1858-ல் சென்னை மாகாணத்தில் அதற்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. மண்வெட்டி பிடித்தவன் பெரும்பாலும் நிலமில்லாதவனே என்பதை மட்டும் நம்மவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அணை வந்த பின்னும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரியும் நீர் கடைமடையை எட்ட நாளாகுமாதலால், குறுவையை ஐப்பசி அடைமழைக்கு முன் அறுத்து அதே வயலில் தாளடி நட வேண்டிய கடைமடைக்காரனுக்கு, மேலே நேரும் சிறு தாமதமும் இரு போகத்தையும் கெடுத்துவிடும்.