மீண்டும் மீண்டும் எண்ணப்பட்ட ஊர்

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வேகவதியை விட்டுத் தெற்கே வந்து, வந்தவாசிச் சாலையில் பாலாற்றைக் கடந்தால், சில மைல் தொலைவில் தூசி என்னும் ஊர் வரும். சமணக் காஞ்சியின் திரைலோக்கியநாதர் கோயிலையும் அதன் விதான ஓவியங்களையும் காண்பதற்கென்றே திருப்பருத்திக்குன்றத்துக்கு வருவோர் உண்டு. தூசியை அடுத்த மாமண்டூர்க் குடைவரைகளுக்கும் சிலர் வருகிறார்கள். தூசியைப் பார்க்க வந்தவர்களோ வேறு வகையினர். அவர்கள் கையில் வினாத்தாள் இருந்தது.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் சிலேட்டர் வந்தார். கிராமங்கள் நிறைந்த நாட்டில் நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு பொருளாதாரம் கற்பிப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன உண்கிறார்கள் என்ற கேள்விகளைத் தொகுத்து மாணவர்களிடம் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த விவரங்கள் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற ஆங்கில நூலாக 1918இல் வெளிவந்தன. வட ஆர்க்காட்டுத் தூசி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சையின் பாலக்குறிச்சி, நெல்லையின் கங்கைகொண்டான், இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைப்புரம் ஆகியவை அதில் இடம்பெற்ற தமிழ் ஊர்கள்.

இந்த ஊர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன? பெரும்பாலும் மாணவர்களுக்குப் பழக்கமானவை என்பதால்தான். புள்ளியியல் அறிந்தவர் இங்கே முகம் சுளிப்பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோறெல்லாம் ஒரே கொதியில் வெந்திருந்தால்தான் அது சரி. கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பக்கூடிய வீடு இருந்த ஊர், மாகாணத்தின் மற்ற ஊர்களைப் போன்றதுதானா? பாலாற்றங்கரை ஊரைப் பார்த்துவிட்டு மானாவாரி ஊரைப் பற்றிப் பேச முடியுமா?

இதற்கு விடை ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் கிடைத்திருந்தது. ரௌன்ட்ரீ என்பவர் 1899இல் யார்க் நகரத் தொழிலாளர் வீடுகளையெல்லாம் ஆராய முனைந்தார். பௌலி 1912இல் ரெடிங் நகரில் ஏறத்தாழ இருபது வீட்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டார். எந்த வீடு என்பது ஆய்வாளரின் விருப்பத்தில் இல்லை. இவ்வாறு எடுத்தால், முடிவில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லலாம். தற்செயல் முறையில் 400 வீடுகளை எடுத்து, அவற்றில் பாதி கடன்பட்டவை என்று கண்டால், மொத்தத்தில் அந்தப் பங்கு 45க்கும் 55 விழுக்காட்டுக்கும் இடையில் இருக்கும் என்று நூற்றுக்கு 95 பங்கு உறுதியோடு கூறலாம். பிழையைப் பாதியாக்க 1,600 வீடுகள் வேண்டும். மொத்த வீடுகள் ஒரு லட்சமா ஒரு கோடியா என்பதால் இந்தக் கணக்கு மாறாது என்பதுதான் பலரும் நம்ப மறுக்கும் செய்தி.

இந்தியாவில் இம்முறையைப் பெரிய அளவில் செயல்படுத்தியவர் பி. சி. மகலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிரின் பரப்பை மாதிரி முறையில் அளந்தார். வீட்டு எண்ணிக்கையைவிடக் கணக்கெடுப்பவரின் தவறே அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. எனவே ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு குழுக்களை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அனுப்பினார். இருவர் கொண்டுவரும் விடைகளும் வெகுவாக வேறுபட்டால் எங்கோ கோளாறு என்று தெரிந்துவிடும். 1950 அக்டோபரில் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்விலும் இந்த உத்தி சேர்ந்தது.

அப்படியானால் சிலேட்டரின் ஊர்கள் வீண்தானா? இல்லை என்பதே என் கருத்து. பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அந்த ஊர்களை மறு ஆய்வு செய்தார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். குகன் முதலியோர் தூசி உள்ளிட்ட ஊர்களுக்குத் திரும்பச் சென்றார்கள். இருவேல்பட்டு 2008இலும் ஆராயப்பட்டது. ஒரே ஊரை ஏறத்தாழ நூறாண்டுகள் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பை எந்தத் தற்செயல் மாதிரியும் தராது. இதிலும் ஒரு குறை உண்டு. காஞ்சிக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போய்விட்ட குடும்பம் அடுத்த ஆய்வில் இராது. மிஞ்சியவர்களின் கணக்கையே ஊரின் கணக்காகக் கொள்ள நேரும்.

ஊரையும் வீட்டையும் சரியாகத் தேர்ந்த பின்னும் கேள்வி என்று ஒன்று இருக்கிறது. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். நெசவாளி தறிக்குழியில் அமர்ந்திருக்க, மறுபக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் வேண்டும். பல வீடுகளில் அது மனைவியோ பிள்ளையோதான். நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் பெண்கள் கையில். கூலி சேலைக்கு இவ்வளவு என்று ஒருவர் பெயரில் வருகிறது. “இந்த வீட்டில் தொழில் செய்பவர் யார்?” என்று கேட்டால், “நான்தான்” என்று அவர் சொல்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இது சிறு விஷயம் அன்று. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பருவ வேலையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முறையாக உழைத்தவரும் தொழிலாளர் பட்டியலில் சேர்ந்தார். 1971இல் ஒருவரின் முக்கிய வேலை எது என்று கேட்டார்கள். பெண்களில் பலருக்கு ‘வீட்டு வேலை’ என்று விடை வந்தது. பத்தாண்டில் மக்கள்தொகை கால் பங்கு கூடியிருக்க, பெண் தொழிலாளர் தொகை ஏறத்தாழ 6 கோடியிலிருந்து 3 கோடியை ஒட்டி இறங்கிவிட்டது! தறியை விட்டு அத்தனை பேரும் எழுந்து போய்விடவில்லை. 1981இல் முதன்மைத் தொழிலாளர், குறுந்தொழிலாளர் என்று இரண்டாகப் பிரித்து இதைச் சரிசெய்ய முயன்றார்கள்.

பின்னர் கேள்வியின் போக்கையே மாற்றிப் பார்த்தார்கள். 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் காலப் பயன்பாட்டு ஆய்வு முன்னோட்டமாக நடந்தது. 2019இல் நாடு முழுவதும் நடத்தப்பட்டது. அதில் ‘உங்கள் தொழில் என்ன’ என்பதோடு நிற்கவில்லை. ஆறு வயது முதல் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் 4 மணி வரை என்ன செய்தார்கள் என்பதை அரை மணிக் கட்டங்களாகப் பிரித்து எழுதினார்கள். தார் சுற்றிய நேரத்துக்கும், பள்ளி விட்டு வந்து நாடா தள்ளிய நேரத்துக்கும் அந்தத் தாளில் கட்டம் உண்டு.