மாடு பிடிக்கப் போன அந்தவன்

சின்ன வயசுல எனக்கு அலெக்சாண்டர் பைத்தியம் உண்டு. கி.மு. 326-ல் ஜீலம் நதிக்கரையில் போரஸோடு மோதினான், கி.மு. 323-ல் பாபிலோனில் செத்தான், அப்போ வயசு 33 கூட ஆகலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தேவதானப்பட்டியில் எங்க தாத்தா அதைக் கேட்டுட்டு, "அவ்வளவு தூரம் வந்து என்னத்தடா அள்ளிட்டுப் போனான்?" என்பார். அவருக்கு நாலு மாடு, ரெண்டு கன்னு. மஞ்சளாத்துப் பக்கம் ஓட்டிட்டுப் போனா சாயங்காலம்தான் வருவார். வீரன், போர் எல்லாம் அவரைப் பொறுத்தவரை வேலையத்தவங்க சமாச்சாரம்.

நான் மூணாங்கிளாஸ் படிச்ச 2006-ல், எங்க ஊரிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் ஒரு பெரிய விஷயம் நடந்திருக்கு. அது எனக்குத் தெரிய வந்ததோ காலேஜ் முடிச்சு வேலைக்குப் போன பிறகு. வெட்கக்கேடு :)

சரி, மேட்டருக்கு வர்றேன். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகையை ஒட்டி புலிமான்கோம்பை என்று ஒரு ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் இயங்கிய குழு அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தது. பழைய ஈமக்காடு ஒன்று குலைந்து கிடந்த இடம் அது. கல்லில் உருவம் கிடையாது. வாள் இல்லை, வில் இல்லை, குதிரை இல்லை, வெறும் எழுத்து மட்டும்தான். அதுவும் தமிழி என்கிற தமிழ்-பிராமி எழுத்து.

ஒரு கல் உடைந்து பாதி வாசகம் போய்விட்டது. இன்னொன்றில் வேள் ஊர், அவ்வன், பதவன் என்று பெயர்கள் மட்டும். முழுசாக் கதை சொல்வது மூன்றாவது கல்தான்:

கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்

அவ்வளவுதான். ஏழே சொல். கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு பிடிக்கிற சண்டையில், செத்துப்போன பேடு ஊர்க்காரன் தீயன் அந்தவனின் கல். கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் போகிற வழியில் இருக்கிற நம்ம கூடலூர்தான் இது என்று ஒரு கருத்து உண்டு. கூடல் என்றால் மதுரையும்தானே என்று கேட்பவர்களும் உண்டு. மாடு மேய்ச்சல் என்று பார்த்தால் என் ஓட்டு நம்ம கூடலூருக்கு. (ஊர்ப்பாசம் என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.)

இந்தக் கல்லுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப் என்று கேட்கலாம். எழுத்தமைதியை வைத்துக் கி.மு. 4-ம் நூற்றாண்டு தொடங்கி கி.மு. 2-ம் நூற்றாண்டு வரை பல விதமாகக் காலம் சொல்கிறார்கள். கடைசிக் கணக்கையே எடுத்துக்கிட்டாலும் ஈராயிரம் வருஷம் தாண்டுது. அதுக்கு முன்னாடி தமிழ்நாட்டில் தெரிந்திருந்த எழுத்துள்ள நடுகற்கள் எல்லாம் செங்கம் பக்கம் கிடைத்த மாதிரி பல்லவர் காலத்தை ஒட்டியவை. சங்கப் பாட்டில் நடுகல் வருது, மயிற்பீலி சூட்டி, பேர் எழுதி, கள் வைத்துக் கும்பிட்டதெல்லாம் வருது. தொல்காப்பியம் கல்லைத் தேடிப் பார்ப்பதில் ஆரம்பித்து நட்டு வாழ்த்துவது வரை ஆறு கட்டமாகவே சொல்லுது. ஆனா 'எங்கே அந்தக் கல்?' என்று கேட்டால் காட்ட ஒண்ணும் இல்லை. பாட்டுக்காரர்களின் கற்பனை என்று சொல்ல இடம் இருந்தது. புலிமான்கோம்பையில் அந்த இடம் அடைபட்டது. ஆகோள் என்பது தொல்காப்பியம் வெட்சித்திணையில் சொல்கிற அதே சொல். இலக்கணப் புத்தகத்தில் இருக்கிற சொல் ஒரு மேய்ச்சல்காட்டுக் கல்லில்!

எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம் வேற. மாங்குளம் மாதிரி மலைக்குகைகளில் இருக்கிற தமிழி எழுத்துகள் எல்லாம் பெரும்பாலும் சமண முனிவர்களுக்கு அரசனும் வணிகனும் செய்த தானக் கணக்கு. அதனால் எழுத்து என்றாலே அரசன், துறவி, வியாபாரி சமாச்சாரம் என்று நினைக்கத் தோணும். இங்கே மாட்டுச் சண்டையில் செத்தவனுக்கு எழுதியிருக்காங்க. வெட்டினவன் ஒருத்தனுக்காவது எழுதத் தெரியணும், நட்ட ஊரில் நாலு பேருக்காவது படிக்கத் தெரியணும். இல்லாட்டி எதுக்கு மெனக்கெட்டுக் கல்லை வெட்டணும்?

ஈரானில் பெஹிஸ்தூன் மலையில் முதலாம் டேரியஸ் கி.மு. 520 வாக்கில் மூன்று மொழியில் ஒரு பெரிய கல்வெட்டு வெட்டி வைத்தான். 'நானே ராஜா, இத்தனை பேரைத் தோற்கடித்தேன்' என்று பக்கம் பக்கமாகப் பீத்தல். அதுவும் தரையிலிருந்து யாரும் படிக்க முடியாத உயரத்தில். நம்ம அந்தவன் கல்லோ ஆள் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும். எழுதினதும் அவன் இல்லை, அவனுக்காக அழுதவங்க.

மாட்டுக்காகச் சண்டையா என்று சிரிக்கவும் முடியாது. இலியட்டில் அகில்லீஸ் 'ட்ராய்க்காரன் என் மாட்டையோ குதிரையையோ ஓட்டிட்டுப் போகலையே, எனக்கும் அவனுக்கும் என்ன பகை?' என்கிற அர்த்தத்தில்தான் அகமெம்னானிடம் எகிறுகிறான். அயர்லாந்தின் பெரிய வீரகாவியமே ஒரு காளையைக் கவர ராணி மேவ் படையெடுத்த கதை; தனி ஆளாக எதிர்த்து நிற்பவன் கூஹுலின். பாரதத்திலும் விராடன் மாட்டைக் கௌரவர்கள் மடக்கியபோதுதான் அர்ஜுனன் மறைவிலிருந்து வெளியே வருகிறான். அன்றைக்கு மாடுதான் பேங்க் பேலன்ஸ்.

ஒரு உறுத்தலான கேள்வியும் இருக்கு. அந்தவன் மாட்டைத் திருடப் போனவனா, மீட்கப் போனவனா? வெட்சியா கரந்தையா? கல்லில் 'ஆகோள்' என்று மட்டும் இருக்கு, எந்தப் பக்கம் என்று இல்லை. பேடுக்காரன், கூடலூரில் செத்தான் என்பதால் கவரப் போனவன் என்றுதான் எனக்குப் படுது. அப்படின்னா கூடலூர்க்காரனுக்கு அவன் திருடன். கல் நட்டது பேடுக்காரர்கள் என்பதால் வீரன் ஆயிட்டான். அலெக்சாண்டர் விஷயமும் வேறென்ன?

போன பொங்கல் லீவில் மச்சானோடு பைக்கில் புலிமான்கோம்பைப் பக்கம் போனேன். வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அந்தவன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எத்தன மாடு தம்பி?"

"அது கல்லுல இல்லைங்கய்யா."

"மாடு திரும்பி வந்துச்சா?"

அதுவும் கல்லில் இல்லை என்றேன். "பெறகு என்னத்த எழுதுனாய்ங்க" என்று சொல்லிவிட்டு, கரையேறப் பார்த்த கன்னுக்குட்டியை மடக்கப் போய்விட்டார்.