துருக்கி மொழி: சொல் போனது, வேற்றுமை நின்றது

'எவ்' என்றால் துருக்கியில் வீடு. எவி (வீட்டை), எவெ (வீட்டுக்கு), எவ்தெ (வீட்டில்), எவ்தென் (வீட்டிலிருந்து), எவின் (வீட்டின்). உருபை ஒட்டினால் வேலை முடிந்தது!

கேள்வியும் நமக்குப் பழகியதுதான். 'அலி எவெ கித்தி மி?' என்றால் 'அலி வீட்டுக்குப் போனானா?' அதே 'மி' கொஞ்சம் நகர்ந்து 'அலி எவெ மி கித்தி?' என்றானால், 'அலி வீட்டுக்கா போனான்?' நம்ம 'ஆ' செய்யும் அதே வேலை. இதையெல்லாம் பார்த்துத்தான் 1856ல் கால்டுவெல், திராவிட மொழிகளைத் துருக்கி அடங்கிய 'சிதிய' கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்தார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அமைப்புதான் ஒன்று, வம்சம் வேறு.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். ஒட்டோமான் காலத்துப் படித்தவர்களின் எழுத்தில் அரபி, பாரசீகச் சொற்களோடு பாரசீக இலக்கணமும் புகுந்துவிட்டது. 1860ல் வந்த ஒரு பத்திரிகையின் பெயர் 'தெர்ஜுமான்-இ அஹ்வால்'. 'நிலவரங்களின் மொழிபெயர்ப்பாளன்' என்பதைப் பாரசீக வழக்கப்படி தலைகீழாக வைத்த பெயர். வீட்டில் பேச ஒரு இலக்கணம், பத்திரிகை படிக்க இன்னொன்று என்றால் சாதாரண விவசாயி என்ன செய்வான்?

1911ல் சலோனிகா நகரில் (இன்று கிரேக்க நாட்டில் இருக்கிறது) வெளிவந்த 'கென்ச் கலெம்லெர்' (இளம் பேனாக்கள்) இதழில் ஓமெர் செய்ஃபெத்தின் 'புதிய மொழி' என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்நிய இலக்கண விதிகள் வேண்டாம், ஆனால் மக்கள் வாயில் புழங்கும் அந்நியச் சொற்கள் இருக்கட்டும் என்பது அவர் கட்சி. நியாயமான பேச்சு. அதோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. கமால் அத்தாதுர்க் ஆட்சியில் 1928 நவம்பரில் அரபி எழுத்து போய் லத்தீன் எழுத்து வந்தது. இதில் ஒரு லாபம் உண்டு. அரபி எழுத்தில் 'எவ்தெ', 'யொல்தா' (வழியில்) இரண்டிலும் உருபை ஒரே மாதிரிதான் எழுதினார்கள். புதிய எழுத்தில் தெ, தா என்ற உயிரொலி வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

1932ல் துருக்கி மொழிக் கழகம் அமைந்தபின் சொற்களுக்கே ஆபத்து வந்தது. பள்ளிக்கூடத்துக்கு இருந்த 'மெக்தெப்' என்ற அரபிச் சொல் போய் 'ஒகுல்' வந்தது. 'மெக்தெப்தெ' என்றவர்கள் 'ஒகுல்தா' என்றார்கள். சொல் போய்விட்டது, ஏழாம் வேற்றுமை அப்படியே இருக்கிறது.

அத்தாதுர்க் 1927ல் ஆறு நாட்கள் தொடர்ந்து நிகழ்த்திய உரைக்கு 'நுதுக்' என்று பெயர். அதற்கே பிற்காலத்தில் எளிய துருக்கியில் பதிப்புகள் போட வேண்டி வந்தது. மூலத்தைக் கையில் கொடுத்தால் இன்றைய மாணவனுக்கு தெ, தென், மி எல்லாம் புரியும். அவை ஒட்டியிருக்கும் சொற்கள்தான் பல இடங்களில் புரியாது.