காடு திருத்திய கையும் காணிப் பத்திரமும்

மலாய் நாட்டில் நகரங்களை அடுத்துள்ள குடியிருப்புக்களிற் பல முன்னாளில் தோட்டங்களாய் இருந்தவை என்பதை நேயர்கள் அறிவார்கள். தோட்டத்தின் பெயர் வீட்டு வரிசைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். துரையின் பெயர் ஒரு வீதிக்கு நின்றிருக்கும். அங்கு மரம் நட்டவன் பெயர் யாது என்று வினவினால் மட்டும் விடை கிடைப்பதில்லை. இக்குறை மனத்தாங்கலோடு நிற்பதன்று. வீடு வாசல் இழப்பதிலும் கொண்டுபோய் விடும். பினாங்குத் தீவில், குளுகோரில் இருந்த பிரவுன் குடும்பத்துத் தோட்டத்தின் வரலாற்றை ஆராயப் புகுந்த நமக்கு இவ்வுண்மையே முதலில் எதிர்ப்பட்டது.

1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை நாட்டியபோது தீவு பெருங்காடாய்க் கிடந்தது. காட்டை வெட்ட ஆட்களை ஊக்குவதற்காக அவர் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை இட்டுக் காட்டினுள் சுட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அவர் நிலம் வழங்கிய முறை மெய்யானது. காட்டை அழித்துத் திருத்தியவனுக்கே அந்நிலம் என்றார். அளவையும் பத்திரமும் பின்னரே வந்தன. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இதனாற் பெருநிலம் அடைந்தோர் கோடரி பிடித்தவர்கள் அல்லர். கோடரி பிடித்தவர்களுக்குக் கூலி கொடுத்தவர்கள். லைட்டின் வியாபாரக் கூட்டாளியாகிய ஜேம்ஸ் ஸ்காட் அவர்களுள் முதன்மையானவர். ஸ்காட்லாந்திலிருந்து 1800-ல் வந்து அந்த ஸ்காட்டுடன் சேர்ந்த டேவிட் பிரவுன், 1825-ல் இறக்குமுன் தீவின் மிகப் பெரிய நிலக்காரருள் ஒருவராய் விளங்கினார். அவருடைய தோட்டமே குளுகோர்த் தோட்டம்.

அங்கு பயிரானவை சாதிக்காய், கிராம்பு முதலிய வாசனைப் பொருள்கள். 1796-ல் மொலுக்காத் தீவுகளை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னரே அவற்றின் கன்றுகள் பினாங்குக்கு மிகுதியாய் வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி தானே ஒரு வாசனைத் தோட்டம் வைத்துப் பார்த்து, 1805-ல் அதனை விற்றுவிட்டது. தனி மனிதர் துணிந்து நடத்தினர். சாதிக்காய் மரம் பூக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆண் மரம் எது, பெண் மரம் எது என்பது பூத்த பின்னரே புலப்படும். அப்பொழுது வேண்டாத ஆண் மரங்களை வெட்டி மீண்டும் நடவேண்டும். காயைப் பறித்து, மேலே படர்ந்த சிவந்த பத்திரியைச் சிதையாமல் உரித்து வெயிலிற் காயவைப்பர். கொட்டையை மெல்லிய புகையில் வாரக்கணக்காக உலர்த்துவர். உள்ளிருக்கும் பருப்பு ஓட்டினின்று விடுபட்டுக் கலகலவென்று ஒலித்த பிறகே ஓட்டை உடைப்பர். இத்தனையும் கையினாற் செய்யும் வேலை. அக்கைகளுள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த தமிழர் கைகளும் உண்டு.

1860-ஆம் ஆண்டையொட்டி நோய் கண்டு பினாங்கின் சாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. மரம் போயினும் மக்கள் போய்விடவில்லை. பிரவுன் வம்சத்தாரின் நிலத்தில் ஒரு பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தங்கி, மாடும் ஆடும் வளர்த்துப் பால் விற்றுப் பிழைத்தன. அச்சிற்றூருக்குக் கம்போங் புவா பாலா என்று பெயர். புவா பாலா என்றால் மலாயில் சாதிக்காய். மாட்டு மந்தையைக் கண்ட பிற்காலத்தார், அமெரிக்கத் தொலைக்காட்சிக் கதையொன்றின் பெயரைக் கொண்டு அதனை ‘ஹை சாப்பரல்’ என்றும் அழைத்தனர். பொங்கல் விழாவுக்கு அவ்வூர் பேர்பெற்றது.

காலப்போக்கில் நிலம் மாநில அரசாங்கத்தின் கைக்கு வந்தது; அங்கிருந்து ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றது; அடுக்குமாடி கட்டுவதற்குத் திட்டமிடப்பட்டது. தங்கள் முன்னோருக்கென்றே பிரவுன் குடும்பத்தார் இந்நிலத்தை நம்பிக்கைச் சொத்தாக விட்டுச் சென்றனர் என்று ஊரார் வாதிட்டனர். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரையிற் சென்று அவர்களுக்குப் பாதகமாய் முடிந்தது. 2009-ல் வீடுகள் இடிக்கப்பட்டன. ஈடாக மாடி வீடு தருவதாகச் சொல்லப்பட்டதை ஏற்றவர் சிலர், மறுத்தவர் சிலர்.

இங்கே சட்டத்தின் நிலையைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், உரிமம் பெற்றே குடியிருந்தாலும், அதனாற் சொந்தம் பிறப்பதில்லை. லைட் காலத்தில் காடு அழித்தலே உரிமைக்கு அத்தாட்சி. இக்காலத்தில் பத்திரம் ஒன்றே அத்தாட்சி. முதல் விதி நடந்தபோது நம்மவர் கூலிகளாய் இருந்தனர். இரண்டாம் விதி வந்தபோது கையிற் பத்திரம் இல்லாதவராய் இருந்தனர். இரண்டிலும் ஒரே கட்சியார் தோற்றது தற்செயலென்று நம்மால் எண்ணக் கூடவில்லை.

பிரவுனைப் பற்றி அறிய விரும்புவோருக்குத் தடையில்லை. கிரயப் பத்திரங்கள், பழைய நிலப்படங்கள், கப்பல் வரவு கூறும் பத்திரிகைகள் யாவும் உள. டத்தோ கிராமாட் சாலையில் பாடாங் பிரவுன் என்னும் திடலும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொழிலாளியைப் பற்றி அறியவோ வேறு வழி தேடவேண்டும். தோட்டத்துச் செக்ரோல், பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் என்னும் கட்டம், தமிழ்ப் பள்ளியின் சேர்க்கை ஏடு, கோயில் திருப்பணிக்குக் கொடுத்த பணத்தின் ரசீது, 1948 முதல் வழங்கிய அடையாளக் கார்டு, 1951-ல் தொடங்கிய சேமநிதியின் கணக்கு ஆகியவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால், ஒரு குடும்பம் ஓரிடத்தில் எவ்வாண்டு முதல் இருந்தது என்று ஒருவாறு காட்டிவிடலாம். இவை நிலத்துக்குப் பட்டா ஆகமாட்டா. ஆயினும் நஷ்டஈடு பேசும் மேசையில் ‘நீ யார், எப்பொழுது வந்தாய்’ என்று கேட்பவனுக்கு மறுமொழி ஆகும்.

நம்மவர் வீடுகளிலோ அடகுச் சீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரமாய் இருக்கும். பாட்டனாரின் பிறப்புப் பத்திரம் கூரையிடுக்கிற் செருகிக் கறையானுக்கு உணவாகும். தோட்டம் கைமாறும்போது ஆபீசிலுள்ள பழைய ஏடுகளும் காணாமற் போகின்றன, கிராணியும் மாறிவிடுகிறார், கேட்பதற்கு ஆளில்லை.

ஆதலின், தோட்டம் விற்பனையாகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் கூடுகின்ற முதற் கூட்டத்திலேயே, வீட்டுக்கு எத்தனை வெள்ளி என்று கேட்பதோடு, செக்ரோல் ஏடுகள் யார் வசம் ஒப்புவிக்கப்படும் என்பதையும் கேட்டு, மறுமொழியை எழுத்தில் வாங்குதல் வேண்டும்.