ஒரு புதன்கிழமைப் பின்னேரம்: குறுந்தூர ட்ரையத்லனின் கதை

1974ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் டியாகோ நகரம். விளையாட்டுப் போட்டிகளுக்குக் கோப்பை செய்து கொடுக்கும் ஒருவருக்கு ஒரு சின்னச் சிக்கல். புதுப் போட்டி ஒன்றின் பெயரைக் கோப்பையில் பொறிக்க வேண்டும். 'ட்ரையத்லன்'. எப்படி எழுத்துக்கூட்டுவது எண்டு அகராதியில் தேடினார். அப்படி ஒரு சொல்லே இல்லை. போட்டியை நடத்துகிறவர்களிடம் கேட்டார். அவர்களுக்கும் அது புதுச் சொல்தான். பென்டத்லன், டெக்கத்லன் எல்லாம் இருக்குதுதானே, அதே மாதிரி எழுதினால் சரி என்று முடிவெடுத்தார்கள். போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் ஜோன்ஸ்டன் பிற்காலத்தில் தானே சொன்ன கதை இது.

எங்கட பக்கத்தில் இந்தச் சொல் வேறு வழியால் வந்தது. 2018 பெப்ரவரியில் கொழும்பில் 'அயர்ன்மேன் 70.3' நடந்தபோதுதான் நான் உட்படக் கனபேர் ட்ரையத்லன் என்ற பெயரையே கேள்விப்பட்டோம். 70.3 என்பது மூன்று பகுதிகளையும் கூட்டினால் வருகிற மைல் கணக்கு, அதாவது 113 கிலோமீற்றர். அதுவும் 'அரை' தானாம். முழுசு அதைப்போல இரண்டு மடங்கு. அதனால், குறுந்தூரப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று நான் சொன்னால், கேட்கிறவை எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவினம்: "ஓ, சின்னதா?" அயர்ன்மேன்தான் அசல், மற்றது அதற்குப் போக ஏலாத ஆக்களுக்குச் செய்து வைத்த கையடக்கப் பதிப்பு எண்டு ஒரு நினைப்பு. வரலாறு அப்படியே தலைகீழ்.

முதலில் 'சின்னது' எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். இண்டைக்கு ஸ்ப்ரின்ட் என்று அழைக்கப்படும் குறுந்தூரப் போட்டியில் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். இடையில் கடிகாரம் நிற்காது. ஈரத்தோடு சைக்கிளில் ஏறுகிறதும், சப்பாத்து மாட்டுகிறதும்கூட நேரக் கணக்கில்தான் வரும். ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே போகிற வேலைக்கு 'ஸ்ப்ரின்ட்' எண்டு பெயர் வைத்தவரை 100 மீற்றர் ஓடுகிறவை என்ன நினைப்பினமோ தெரியாது.

இனிக் கதைக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜொகிங் ஒரு தொற்று மாதிரிப் பரவியிருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷோர்ட்டர் மரதனில் தங்கம் எடுத்ததும் அது இன்னும் கூடியது. வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற, வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்துவிட்ட மனிதர்கள் றோட்டில் ஓடத் தொடங்கிய காலம். சான் டியாகோவில் டேவிட் பெய்ன் என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். 40 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனித் தடகளப் போட்டி வேண்டும் என்று நின்றவர். 1968இல் அமெரிக்காவின் முதல் மூத்தோர் தடகளப் போட்டியை அதே நகரத்தில் நடத்திக் காட்டினார். 1972இல் அவருக்கு 50 வயது. பிறந்தநாளுக்கு அவர் கேக் மட்டும் வெட்டவில்லை. நண்பர்களைக் கூப்பிட்டு, ஓடிவிட்டு நீந்துகிற ஒரு போட்டி வைத்தார்.

ஜோன்ஸ்டன் இந்தப் பிறந்தநாள் போட்டிக்கு அடுத்த வருடம் போனார். மாணவப் பருவத்தில் அவர் நல்ல நீச்சல்காரர். ஓட்டத்தில் நடுத்தரம். போட்டியிலோ ஓட்டம் நீளம், நீச்சல் கட்டை. நீச்சலைக் கொஞ்சம் கூட்டி ஒரு போட்டி வைத்தால் என்ன என்று அவர் யோசித்தது இந்த மனக்குறையால்தான். சான் டியாகோ தடகளக் கழகத்தில் போய்க் கேட்டார். அங்கே டொன் ஷனஹான் என்று இன்னொருவர் இருக்கிறார், அவருக்கும் ஏதோ யோசனை, அவரோடு கதையுங்கள் என்றார்கள். ஷனஹானுக்குச் சைக்கிளையும் சேர்க்க வேண்டும் என்று ஆசை. ஜோன்ஸ்டனுக்குச் சைக்கிளில் பெரிய ஈடுபாடு இருக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார். உலகம் முழுக்க இண்டைக்கு நடக்கிற ஒரு விளையாட்டு, தனக்கு வசதியாய் ஒரு போட்டி இல்லையே என்ற ஒரு நடுத்தர ஓட்டக்காரரின் குறையிலிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

போட்டி 1974 செப்டெம்பர் 25, மிஷன் பே என்ற குடாவில். அது ஒரு புதன்கிழமை. வேலை முடிந்து வருகிறவர்களுக்காகப் பின்னேரம்தான் தொடக்கம். கழகத்தின் செய்தித்தாளில் வந்த அறிவித்தலில், ஒவ்வொருவரும் தங்கள் சைக்கிளைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. தூரங்கள்: மொத்தம் 6 மைல் ஓட்டம், 5 மைல் சைக்கிள், நீச்சல் எல்லாம் சேர்த்துச் சுமார் 460 மீற்றர். ஓட்டத்தையும் நீச்சலையும் ஒரே மூச்சில் செய்யவில்லை, துண்டு துண்டாக மாறி மாறி வந்தன. ஓட்டத்தில் ஏறத்தாழ 2 மைல் புல்லிலும் மணலிலும் வெறுங்காலோடு. 46 பேர் வந்தார்கள். பில் பிலிப்ஸ் என்பவர் 55 நிமிடம் 44 செக்கனில் முதலாவதாக முடித்தார்.

பிந்தி வந்தவர்களின் கதைதான் சுவாரசியம். நீச்சல் துண்டுகள் போட்டியின் பிற்பகுதியில் இருந்தன. செப்டெம்பர் மாதம், பின்னேரத் தொடக்கம், ஆறுதலாக வருகிறவர்கள் தண்ணிக்குள் இறங்கும்போது இருட்டிவிட்டது. கரையில் நின்றவர்கள் கார்களைத் தண்ணிப் பக்கம் திருப்பி முன்விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடைசி ஆக்கள் நீந்தி வந்தார்கள். இப்ப எந்தப் போட்டியிலும் இப்படி நடக்க விடமாட்டார்கள். நீச்சல் முதலாவதாகத்தான் வரும். களைத்த உடம்போடு ஆழத் தண்ணிக்குள் ஆரையும் இறக்கக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படுகிற முக்கிய காரணம்.

அந்த முதல் போட்டியின் தூரங்களைத் திரும்ப ஒருக்காப் பாருங்கோ. 460 மீற்றர், 8 கிலோமீற்றர், 10 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இண்டைய ஸ்ப்ரின்ட் போட்டியை விட நீச்சலும் சைக்கிளும் குறைவு, ஓட்டம் கூட. முதலாவதாக வந்தவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரம்தான் எடுத்தது. அதாவது ட்ரையத்லன் பிறந்ததே குறுந்தூரமாகத்தான்.

இங்கே வரலாற்று மாணவர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம், எழுப்பவும் வேணும். பிரான்சில் 1920களிலேயே மார்ன் நதிக்கரையில் உள்ள ஜுவான்வில் என்ற ஊரில் ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றும் சேர்ந்த போட்டி நடந்திருக்கிறது. அப்படியெண்டால் 1974 எப்படி 'முதல்' ஆகும்? அந்தப் பிரெஞ்சுப் போட்டியைத் தெரிந்துகொண்டு சான் டியாகோக்காரர்கள் இதைச் செய்யவில்லை. இண்டைய விளையாட்டோடு அறுபடாமல் தொடர்பு இருப்பது மிஷன் பேக்குத்தான். ஒன்று எங்கே முதலில் நடந்தது என்பதும், ஒன்று எங்கேயிருந்து எங்களிடம் வந்தது என்பதும் இரண்டு வேறு கேள்விகள். நான் இங்கே இரண்டாவதைத்தான் எழுதுகிறேன்.

அந்த 46 பேருக்குள் ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் இருந்தார்கள். பிறகு அவர்கள் ஹவாய்க்குப் போய்விட்டார்கள். அங்கே ஓட்டக்காரரா, நீச்சல்காரரா, சைக்கிள்காரரா, ஆர் திறம் எண்டு ஒரு வாக்குவாதம் வந்தது. ஓவாகு தீவில் ஏற்கெனவே ஒரு நீண்ட கடல் நீச்சல் இருந்தது, தீவைச் சுற்றி ஒரு சைக்கிள் ஓட்டம் இருந்தது, ஹொனலுலு மரதனும் இருந்தது. மூன்றையும் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் ஆர் திறம் எண்டு தெரிந்துவிடும்தானே. 1978 பெப்ரவரி 18இல் 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். கோர்டன் ஹாலர் முதலாவது, 11 மணித்தியாலம் 46 நிமிடம் 58 செக்கன். அயர்ன்மேன் இப்படித்தான் வந்தது. குறுந்தூரத்துக்கு மூத்தது இல்லை, நாலு வருடம் இளையது.

இளையது எப்படி அசல் ஆனது? கதை சொல்ல வசதியானது என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். 1979இல் ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட் சஞ்சிகை அதைப்பற்றி நீண்ட கட்டுரை போட்டது. 1980இல் ஏபிசி தொலைக்காட்சி வந்தது. 1982 பெப்ரவரியில் ஜூலி மொஸ் என்ற 23 வயதுப் பல்கலைக்கழக மாணவி, தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காக இந்தப் போட்டியில் இறங்கினார். முடிவுக் கோட்டுக்குச் சில மீற்றர் இருக்க விழுந்தார். கத்லீன் மக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போக, மொஸ் தவழ்ந்து போய் இரண்டாவதாக முடித்தார். 29 செக்கன் வித்தியாசம். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் கனபேர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள். விழுந்து தவழுகிறதைப் படம் பிடிக்கலாம். பின்னேரம் வேலை முடிந்து வந்து, ஒரு மணித்தியாலம் மூச்சு வாங்கிவிட்டு வீட்டை போகிறதை ஆர் படம் பிடிப்பினம்?

ஆனால் விளையாட்டை உலகத்துக்குக் கொண்டுபோனது நீளமானது இல்லை. 1980களில் அமெரிக்காவில் ஜிம் கேர்ல் என்பவர் நடத்திய தொடர் போட்டிகளில் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம் என்ற தூரம் நிலைபெற்றது. மூன்றும் அந்தந்த விளையாட்டில் ஏற்கெனவே பழக்கமான தூரங்கள். ஸ்ப்ரின்ட் என்பது இதில் சரிபாதி. 1989இல் பிரான்சின் அவிக்னொனில் சர்வதேச ட்ரையத்லன் சங்கம் உருவானதும், முதல் உலகப் போட்டி இந்தத் தூரத்தில்தான் நடந்தது. மார்க் அலனும் எரின் பேக்கரும் வென்றார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இதே தூரம். அங்கே பெண்கள் போட்டிதான் முதலில் நடந்தது, ஆண்கள் போட்டி அடுத்தநாள். சுவிற்சர்லாந்தின் பிரிஜிட் மக்மஹோன் இரண்டு மணித்தியாலம் போராடி, வெறும் இரண்டு செக்கனால் அவுஸ்திரேலியாவின் மிஷெலி ஜோன்ஸை முந்தினார்.

பெண்கள் விசயத்தில் கொஞ்சம் நிற்க வேணும். பொஸ்டன் மரதன் பெண்களை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் வர 1984 ஆனது. அந்தக் காலத்தில், 1974இல், மிஷன் பேயில் பெண்களும் ஆண்களும் ஒரே நேரத்தில், ஒரே தூரத்தை ஓடி, ஓட்டி, நீந்தினார்கள். அது பெரிய புரட்சிக் கொள்கையால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. சின்னப் போட்டி, தெரிந்த ஆக்கள், தடுக்க ஒரு சட்டப் புத்தகம் இருக்கவில்லை. சட்டப் புத்தகம் வந்த பிறகும் பெண்களுக்குத் தூரம் குறைக்கப்படவில்லை. ஆனால் பரிசுப்பணத்தைச் சமமாக்க பேக்கர் போன்றவர்கள் சண்டை பிடிக்கத்தான் வேண்டியிருந்தது.

அமெச்சூர்களுக்கு இந்த விளையாட்டில் இருக்கிற இடமும் அந்தப் பின்னேரத்திலிருந்துதான் வருகிறது. பொதுவாக ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு. 20 வயதுக்காரியும் 62 வயதுக்காரரும் ஒரே பாதையில் போவினம், தரவரிசை மட்டும் தனித்தனி. பெய்ன் மூத்தோர் தடகளத்துக்காகக் கேட்டதும் இதைத்தான். 1990களின் நடுப்பகுதியிலிருந்து உயர்மட்ட வீரர்கள் சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட அனுமதி உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறையும். பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளில் இது குற்றம், இடைவெளி விட வேணும், இல்லாட்டித் தண்டனை. ஒலிம்பிக் வீரர் கூட்டத்தோடு போகலாம், நாங்கள் காற்றைத் தனியத்தான் வெட்ட வேணும்.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்குகிற முதல் சில நிமிடம் பற்றி எல்லாரும் சொல்லுவினம். நான் நம்பவில்லை. கால் இரண்டும் வேறு ஆரின்ரயோ மாதிரி இருந்தது. மிதித்த அதே தாளத்தில் கால் சுழலப் பார்க்குது, தரை அதற்கு விடுகுதில்லை. ஒரு கிலோமீற்றர் போனபிறகுதான் அது என்ர கால் எண்டு தெரிஞ்சுது.

எங்களுக்கு உண்மையான தடை தூரம் இல்லை, நீச்சல். எங்கட வீட்டிலிருந்து கடல் இரண்டு கிலோமீற்றர். நான் நீந்தப் பழகினது இருபது வயதில், அதுவும் நீச்சல் தடாகத்தில். அம்மாவுக்குக் கடல் என்றால் சுனாமியும் போர்க்காலத் தடைகளும்தான் ஞாபகம் வரும், கரையில் காலை நனைக்கவே விடமாட்டா. ஜோன்ஸ்டன் நீச்சல் தெரிந்தவர் என்பதால் நீச்சலைக் கூட்டினார். அந்த மேலதிகத் தூரம் கடலோரத்தில் பிறந்த எங்களுக்குத்தான் இப்ப பாரமாக இருக்குது.

வாற மாதம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒன்று செய்யப் பார்க்கிறோம். கோப்பை இல்லை, கட்டணம் இல்லை, பதக்கம் இல்லை. சைக்கிளை அவரவர்தான் கொண்டுவர வேணும். ஆறு பேரில் நீந்தத் தெரிந்தது மூன்று பேருக்கு. மற்ற மூன்று பேரும் பெண்கள், மூன்று பேரிடமும் சைக்கிள் இருக்கு. நீச்சல் துண்டை நெஞ்சளவு தண்ணியில் வைப்போமா, இல்லை அவர்கள் பழகும்வரை போட்டியைத் தள்ளிப்போடுவோமா என்று இன்னும் கதைத்து முடியவில்லை. நான் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன்.